முவைலாவில் சீனாவுக்காக அழுதவர்கள்

சீன தேசத்தின் இரகசியத் திருச்சபை எந்தக் குகையில் முழங்கால் போட்டாலும் அதன் பாரம் முதலில் வந்து இறங்குவது சார்ஜா முவைலாவில்தான் என்பது பிரதர் ஜெபசீலனின் உறுதியான கருத்து. உலகத்தின் பெரிய பெரிய சபைகளெல்லாம் உறங்கிக்கொண்டிருக்க, ஒரு சிறு மந்தை மட்டும் பெய்ஜிங்கின் மதில்களை இங்கிருந்தே அசைத்துக்கொண்டிருக்கிறது என்று வெள்ளிக்கிழமைதோறும் மைக்கில் சொல்வார். அந்தச் சிறு மந்தைக்குப் பெய்ஜிங் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. ஜெபிக்கும்போது பெரும்பாலோர் ஏசி இருக்கும் பக்கமாகத் திரும்பிக்கொள்வார்கள்.

ஜெபசீலன் சாத்தான்குளத்துக்காரர். வாரத்தில் ஆறு நாள் ஒரு மெயின்டனன்ஸ் கம்பெனியில் ஏசி சூப்பர்வைசர். ஏழாம் நாள் ஜீவ ஊற்று ஐக்கியத்தின் மூப்பர். ஏழாம் நாளில்தான் அவர் மெய்யாகவே வேர்க்க வேர்க்க உழைக்கிறார் என்று மேனேஜர் சொல்வதுண்டு. ஐக்கியம் எந்த அலுவலகத்திலும் பதிவானதல்ல. சர்ச் காம்பவுண்டில் நேரம் கேட்டுப் பார்த்தாயிற்று. அங்கே ஏற்கெனவே மலையாளம், உருது, தகாலோக் என்று ஒவ்வொரு பாஷையும் மணிக்கணக்குப் பார்த்து வாசலில் நிற்கிறது. ஆகவே முவைலாவில் ஒரு பழைய வில்லாவில், விருந்தினரை உட்காரவைக்கும் மஜ்லிஸ் ஹால். வில்லாவை அதன் அரபு உரிமையாளரான அர்பாபிடம் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து, அறை அறையாக உள்வாடகைக்கு விட்டிருந்தவர் காயல்பட்டினத்துக் கலீலுர் ரஹ்மான்.

"அர்பாப்ட்ட ஃபேமிலி பார்ட்டின்னு சொல்லியிருக்கேன் பிரதரே," என்பார் அவர். "நாலு வருஷமா வாராவாரம் பார்ட்டி. அப்படி என்ன குடும்பம்னு ஒரு நாள் கேட்டுட்டாருன்னா எனக்கு வாய் கிடையாது, பாத்துக்கோங்கோ."

ஹாலின் சுவரில் சிவப்பு ரெக்சினில் வெட்டி ஒட்டிய சீன வரைபடம் ஒன்று, ஆள் உயரத்துக்கு. ரோலாவில் ஒரு பேனர் கடையில் ஜெபசீலன் வாயாலேயே விவரம் சொல்லிச் செய்து வாங்கியது. ஊர்ப் பெயர், ஆற்றுப் பெயர் எதுவும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். கைவைக்கிற இடத்தில் எழுத்து இருந்தால் ஜெபம் சிதறும் என்பது அவர் அனுபவம். வாரம் தவறாமல் எல்லோரும் அதன்மேல் கைவைத்து அழுவார்கள். கை எட்டாதவர்கள் முன்னால் நிற்பவரின் தோளில் வைப்பார்கள். அழுது அழுது நடுவில் ரெக்சின் வெளிறியிருந்தது.

ஜெபசீலனின் மனைவி தேவகனி ஒரு பாலிகிளினிக்கில் நர்ஸ். அவளுக்குச் சீனாவுக்காக அழ வரும். எப்படி வருகிறது என்று அவளுக்கே விளங்காது. மற்றவர்கள் லீவு கிடைக்காததையும் விசா புதுப்பிக்காததையும் சேர்த்து வைத்து அந்தப் படத்தின்மேல் இறக்கிவைப்பது அவளுக்குத் தெரியும். ஐக்கியத்துச் சுபிஷா தன் மாமியாரை நினைத்துத்தான் அழுகிறாள் என்று சுபிஷாவே சொல்லியிருக்கிறாள். தேவகனிக்கு அப்படி இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலை மூடிக்கொண்டு, யாரோ ஒருத்தி எங்கேயோ முழங்காலில் இருக்கிறாள் என்று நினைத்ததும் கண்ணீர் வந்துவிடும். அவ்வளவுதான்.

அந்த யாரோ ஒருத்தி ஒரு திங்கட்கிழமை கையில் வெட்டுக்காயத்தோடு கிளினிக்குக்கே வந்துவிட்டாள்.

பெயர் லின். இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு சீன டைல்ஸ் குடோனில் வேலை. பெட்டி சரிந்து உள்ளங்கை கிழிந்திருந்தது. தையல் போடும்போது வலிக்காமல் இருக்க மெல்லிய குரலில் ஏதோ முனகினாள். தேவகனியின் கை நின்றுவிட்டது. வார்த்தை புரியவில்லை, ராகம் புரிந்தது. ஞாயிறு பள்ளியில் பிரம்புப் பயத்தோடு கற்ற ஞானப்பாட்டு ராகம்.

இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த இந்தியும் அதைவிட உடைந்த ஆங்கிலமும். அதை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார்கள். லின்னும் அவள் ஊர்க்காரர் சிலரும் குடோனின் பின்னறையில் கூடி ஜெபிப்பார்கள். கூட வேலை செய்யும் சீனாக்காரர்களே முதலாளியிடம் போய், இவர்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள், ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி பின்னறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்.

"இப்ப எங்க கூடுறீங்க?"

"எங்கயும் இல்ல. வேன்ல உக்காந்து. வேன் ரொம்ப சூடு."

நாலு வருடக் கண்ணீர் தேவகனியின் நெஞ்சுக்குள் திரண்டு நின்றது. யோசிக்கவே இல்லை. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க ஹால் சும்மாதான் கிடக்கும். வாங்க. நான் சொல்லுதேன், வாங்க," என்றாள். லின் நல்ல கையால் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அன்று வீட்டில் சொன்னதும் ஜெபசீலன் சோற்றுத் தட்டோடு எழுந்து நின்றுவிட்டார்.

"சீனாக்காரியளா? நம்ம ஹாலுக்கா? ஏ தேவகனி, நான் சொல்லலை? மதில் அசையுதுன்னு சொன்னேனா இல்லையா!"

"உக்காந்து சாப்பிடுங்க. ரசம் சிந்துது."

அவர் உட்காரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அந்த மாதம் நாகர்கோவிலிலிருந்து, டாக்டர் ஐயா என்று பெயர்பெற்ற பிரசங்கியார் ஒருவர் வளைகுடாவுக்கு ஊழியப் பயணம் வருகிறார். முவைலாவுக்கும் வந்து, ஜெபசீலன் தலையில் கைவைத்து, மூப்பராக இருப்பவரைப் பாஸ்டர் ஆக்கிவிட்டுப் போவதாக ஏற்பாடு. விசிட்டிங் கார்டு அடித்து வந்தாயிற்று. அந்த மேடையில் இரகசியத் திருச்சபையிலிருந்து நிஜமான ஆள்களைக் கொண்டுவந்து நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே நின்றபடி சாப்பிட்டு முடித்தார்.

மூன்று நாள் நீடித்தது அந்த ஆனந்தம். நான்காம் நாள் குளச்சல் விஜின் வீட்டுக்கு வந்தான். டெலிகாம் டெக்னீஷியன், ஐக்கியத்துக்கு இணையம் அவன் வழியாகத்தான் வரும். கையில் ஒரு கத்தை காகிதம். கூடவே யாழ்ப்பாணத்து இராஜரத்தினமும் வந்தார். ஷிப்பிங் கம்பெனியில் கணக்கர். ஐக்கியத்தில் வயதிலும் நக்கலிலும் மூத்தவர்.

"அண்ணே, சங்கதி கொழப்பமாக்கும்," என்றான் விஜின். "குடோன்ல விசாரிச்சேன், இவியளுக்க கூட்டத்துக்குப் பேரு நாலாம் ஜாமத்தாராம். விடியக்காலம் எழும்பி ஜெபிப்பாவ. துர்ப்போதனைன்னு போட்டிருக்கு. ஆளக் கடத்துவாவளாம், வீட்ட எழுதி வாங்குவாவளாம், தலைவரு தன்னைத் தீர்க்கதரிசின்னு சொல்லுவாராம்."

ஜெபசீலனின் முகத்தில் பாஸ்டர் பட்டம் ஒரு அடி பின்வாங்கியது. "யார் போட்டிருக்கா?"

"ஒரு வெப்சைட்டு. இன்னொரு வெப்சைட்டுல இவிய இரத்தசாட்சிகள்னும் போட்டிருக்கு. மூணாவது ஒண்ணு ரெண்டையும் அப்படியே காப்பியடிச்சு, அடியில வாச்சு விளம்பரம் போட்டிருக்கு."

இராஜரத்தினம் ஒரு காகிதத்தை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு பார்த்தார். "தம்பி ஜெபசீலன், நான் ஒண்டு கேக்கட்டே? போன மாசம் நீர் அழுது அழுது சொன்னீரே, சிறையில பல்லுத் தூரிகையால சுவரில வசனம் எழுதின கிழவர் எண்டு? இஞ்ச அவற்ற படம் கிடக்கு. அவர் உவையின்ர ஆள்."

"அது... உதாரணத்துக்குச் சொன்னது அண்ணாச்சி."

"நல்ல உதாரணம். சபையே அழுதது. நானும் அழுதனான்."

"அண்ணாச்சி, விளையாட்டு இல்ல. விஜின், நீ வாசி. என்னென்ன குற்றச்சாட்டுன்னு வாசி."

விஜின் வாசித்தான். "பதிவு இல்லாத கூட்டம். வீட்டுக்குள்ள கூடுவாவ. படிச்சுப் பட்டம் வாங்காத ஆளுவதான் பிரசங்கம் பண்ணுவாவ." ஜெபசீலன் தொண்டையைச் செருமினார். "வருமானத்துல பத்துல ஒண்ணு கொடுக்கணும். சினிமா பாக்கப்பிடாது. பொம்பளையளுக்கு நகை கிடையாது..."

விஜின் நிறுத்திக்கொண்டான். தேவகனி தன் காதைத் தடவினாள். கல்யாணத்துக்கு அடுத்த மாதமே கழற்றிய கம்மலின் துளை தூர்ந்துபோய்ப் பல வருடம் ஆகியிருந்தது.

"பயங்கரக் கூட்டமாத்தான் கிடக்கு," என்றார் இராஜரத்தினம். "எனக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ஆக்கள் மாதிரியும் கிடக்கு."

ஜெபசீலன் யோசித்தார். வரச் சொல்லியாயிற்று, வராதே என்றால் அசிங்கம். வந்தபின் டாக்டர் ஐயா காதில் விழுந்தால் அதைவிட அசிங்கம். கடைசியில், ஆவிகளைப் பகுத்தறியும் குழு ஒன்று அமைத்து, முதல் வெள்ளிக்கிழமை பின்னால் உட்கார்ந்து கவனிப்பது என்று முடிவாயிற்று. குழுவில் மூன்று பேர். மூன்று பேரும் அந்த அறையிலேயே இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். ஒன்றாக வரவில்லை. முதலில் லின், கையில் காய்கறிப் பையோடு, ஏதோ பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. கொஞ்சம் கழித்து ஒரு கிழவர், பக்கவாட்டுக் கதவு வழியாக. பிறகு இரண்டு இளம்பெண்கள். தெருமுனையில் வாடகை போர்டைப் படிப்பதுபோல் நின்று, படித்து முடித்து, நழுவி உள்ளே வந்தார்கள். ஒவ்வொருவரும் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். கழற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பையோடு ஹாலுக்குள் கொண்டுவந்து சுவரோரம் வைத்தார்கள்.

"பாத்தியளா!" என்று ஜெபசீலன் பின்வரிசையில் குசுகுசுத்தார். "பாதரட்சைய உள்ள கொண்டாந்துட்டாவ! பரிசுத்த ஸ்தலத்துக்குள்ள! மோசே என்ன செஞ்சாரு?"

"மோசேட்டப் பை இல்லை, தம்பி," என்றார் இராஜரத்தினம்.

திரையை இழுத்துவிட்டு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். கிழவர் கையை உயர்த்தினார். எல்லோரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். வாய்கள் அசைந்தன. சத்தம் வரவில்லை. பாட்டின் ஏற்ற இறக்கம் தோள்களில் தெரிந்தது. ஒரு இளம்பெண்ணின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. உதடுகள் ஒன்றாக நின்றன, ஒன்றாகத் தொடங்கின. ஏசியின் இரைச்சலைத் தவிர எதுவுமில்லை. தேவகனிக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஜெபசீலனுக்கும் மயிர்க்கூச்செறிந்தது, வேறு காரணத்தால். "ஊமையான ஆவி," என்றார். "மாற்கு ஒன்பதாம் அதிகாரம். சந்தேகமே இல்லை."

போகும்போது லின் சுவரிலிருந்த படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தாள். கிழவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவரும் நின்று பார்த்தார். பிறகு இருவரும் தேவகனியைப் பார்த்துத் தலைதாழ்த்திவிட்டுப் போனார்கள். வாசலில் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த சுபிஷா, "பாவம், ஊரு நெனப்பு வந்திருக்கும்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குழு அங்கேயே தீர்ப்பு எழுதியது: டாக்டர் ஐயா வந்து போகிறவரை ஹால் கிடையாது. இராஜரத்தினம் எதிர்த்தார். இரண்டுக்கு ஒன்று. அதைச் சொல்லும் பொறுப்பு, வாக்குக் கொடுத்தவள் என்ற முறையில் தேவகனிக்கு வந்து சேர்ந்தது.

"நான் எப்படிங்க சொல்லுவேன்? அவ கையப் புடிச்சிட்டு விடவேயில்லை தெரியுமா?"

"நாசூக்காச் சொல்லு. ஹால் ரிப்பேர்னு சொல்லு."

"பொய்யா?"

ஜெபசீலன் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார். அது விஜின் கொண்டுவந்த காகிதம் என்பதைக் கவனிக்கவில்லை.

தையல் பிரிக்க லின் வந்தாள். ஒரு பை ஆரஞ்சும் கொண்டுவந்தாள். தேவகனி கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லவேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டாள். "உங்களப் பத்தி என்னென்னமோ சொல்லுதாங்க. ஆளக் கடத்துவீங்க, வீட்ட வாங்கிக்கிடுவீங்கன்னு. மெய்யா?"

லின் இந்தியில் வார்த்தை தேடினாள். கிடைக்காததை விரலால் செய்தாள். அவளுடைய சித்தி தன் வீட்டை விற்று ஒரு தலைவனிடம் கொடுத்தாள், அவன் ஓடிவிட்டான், சித்தி இன்றைக்கும் அழுகிறாள். அது மெய். மாமா ஜெபம் நடத்தினார், வேறொன்றும் செய்யவில்லை. இரண்டு வருடம் சிறை. அதுவும் மெய். அந்தத் தலைவனும் தன்னை நாலாம் ஜாமத்தார் என்றுதான் சொல்லிக்கொண்டான், மாமாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். "ரெண்டும் நாங்கதான். என்ன பண்ண?"

"அந்தச் செருப்பு எதுக்கு உள்ள கொண்டு வாறீங்க?"

லின் சிரித்தாள். "வாசல்ல செருப்பு இருந்தா எண்ணுவாங்க. சின்ன வீடு, முப்பது ஜோடி செருப்பு. உடனே தெரிஞ்சிரும். பாட்டும் அப்படித்தான். இங்க சத்தமாப் பாடலாம்னு சொல்றாங்க. வாய் வர மாட்டேங்குது. பழக்கம்."

தேவகனி தையலைப் பிரித்தாள். ஒவ்வொரு நூலாக உருவும்போதும் இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நூல் தீர்ந்தது. "வெள்ளிக்கிழமை வாறேன்," என்றாள் லின். தேவகனி, "ம்," என்றாள். அந்த ஒற்றை எழுத்து அன்றிரவு அவளைத் தூங்கவிடவில்லை.

விசேஷ வெள்ளிக்கிழமை வந்தது. டாக்டர் ஐயா வெள்ளைக் கோட்டும் வெள்ளைச் சப்பாத்துமாக இறங்கினார். சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைக்க இரண்டு பேர் குனிந்தார்கள். ருவைஸிலிருந்து ஒரு வேன் நிறைய ரிஃபைனரிக்காரர்கள், அஜ்மானிலிருந்து நர்ஸுகள், லேபர் கேம்ப்களிலிருந்து இரண்டு பஸ். வில்லா வாசலில் செருப்புகள் கேட்டைத் தாண்டித் தெருவரைக்கும் பரவிவிட்டன. தள்ளுபடி விற்பனை என்று நினைத்து ஒரு பாகிஸ்தானிப் பட்டாணி டாக்ஸிக்காரர் வண்டியை நிறுத்தியே பார்த்தார்.

டாக்டர் ஐயா பேசியதும் சீனாவின் இரகசியச் சபையைப் பற்றித்தான். தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார். விமானம் மாறும்போது ஹாங்காங்கில் மூன்று மணி நேரம் இருந்திருக்கிறார். காலையில் தொடங்கிய பேச்சு மதியப் பிரியாணியைத் தாண்டியும் முடியவில்லை. தேவகனி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்கு மணிக்கு ஒவ்வொருவராக நழுவி வருவார்கள். அவர் கைவைக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான்.

கைவைப்பதற்காக ஜெபசீலன் முழங்காலிட்ட நேரத்தில் பாக்கெட்டில் செல்போன் அடித்தது. அணைத்தார். மறுபடி அடித்தது. மூன்றாம் முறை கலீலுர் ரஹ்மானே சமையலறை வழியாக ஓடிவந்தார்.

"பிரதரே! அர்பாப் வாராரு! நேஷனல் பெயின்ட்ஸ் ரவுண்டானாவைத் தாண்டிட்டாராம். உள்ள ஒரு குடும்பந்தான் இருக்குன்னு சொல்லிவச்சிருக்கேன். வாசலைப் பாத்தீங்களா? அந்தக் குடும்பத்துக்கு எத்தனை காலுன்னு கேப்பாரே, நான் என்ன சொல்லுவேன்? ஹாலு போச்சு, என் குத்தகையும் போச்சு!"

ஹால் முழுக்க ஒரே நேரத்தில் எழுந்தது. ஒரே வாசலை நோக்கி எல்லோரும் பாய, யாராலும் வெளியேற முடியவில்லை. டாக்டர் ஐயா, "சாத்தானே, அப்பாலே போ!" என்று மைக்கில் அதட்டினார். தெருமுனைவரை கேட்டது.

அப்போதுதான் காய்கறிப் பையோடு லின் கேட்டில் நின்றாள்.

தேவகனி கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு அவளிடம் ஓடினாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. லின் தெருவைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், காய்கறியைத் தரையில் கொட்டினாள். பின்னால் வந்த கிழவர் வேனுக்கு ஓடி டைல்ஸ் கடைப் பைகளை ஒரு கட்டு அள்ளி வந்தார். பேச்சே இல்லை. இரண்டு இளம்பெண்கள் செருப்புகளை வாரி வாரிப் பையில் திணித்தார்கள். ஜன்னல் வழியாக உள்ளே பை பையாகப் போயிற்று. அத்தனை செருப்பும் மறைய, தேவகனி ஒரு ஊசி போடும் நேரம்கூட ஆகவில்லை. லின் உள்ளே வந்து மைக்கின் வயரைப் பிடுங்கினாள். திரையை இழுத்தாள். எல்லோரையும் தரையில் உட்காரச் சொல்லிக் கைகாட்டினாள். உதட்டில் விரலை வைத்தாள்.

ஜீவ ஊற்று ஐக்கியத்தின் வரலாற்றில் முதல் தடவையாக ஒருவரும் பேசவில்லை.

கிழவர் கையை உயர்த்தினார். மூச்சை இழுத்தார். அவர் உதடு அசைந்தது. அந்த ராகம் என்னவென்று தேவகனிக்குத் தெரிந்தது. அவள் உதடும் அசைந்தது. பக்கத்தில் சுபிஷாவுக்கு. பிறகு ருவைஸ்காரர்களுக்கு. தமிழும் சீனமுமாக ஒரு பாட்டு, சத்தமே இல்லாமல், ஹால் முழுக்க ஏறி இறங்கிற்று. தேவகனி கணவனைப் பார்த்தாள். அவர் டாக்டர் ஐயாவின் காலடியில் முழங்காலிட்டபடியே இருந்தார். வாய் பிந்தியும் முந்தியும் அசைந்தது, ஆனால் அசைந்தது. கண் மூடியிருந்தது. மைக் இல்லாமல் அவர் அழுவதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

வெளியே காரின் கதவு சாத்தும் சத்தம். கலீலுர் ரஹ்மானின் சலாம். அரபியும் இந்தியும் கலந்த பேச்சு. சிறிது நேரம். சிரிப்பு. மறுபடி கார்க்கதவு.

கலீலுர் ரஹ்மான் உள்ளே வந்தபோது அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"போயிட்டாரா பாய்?" என்றார் ஜெபசீலன் கிசுகிசுப்பாக.

"போயிட்டாரு. ஏசித் தண்ணி பக்கத்து வீட்டுச் சுவத்துல ஒழுகுதாம், பைப்ப மாத்தச் சொன்னாரு. அதுக்குத்தான் வந்திருக்காரு."

"கூட்டத்தைப் பத்தி?"

"கேட்டாரு." கலீலுர் ரஹ்மான் தலையைச் சொறிந்தார். "வெள்ளிக்கிழமைன்னா பாட்டுக் கேக்குமே, இன்னைக்கு ஏன் கேக்கலை, யாருக்கும் உடம்பு சரியில்லையான்னு கேட்டாரு. நாலு வருஷமாத் தெரியுமாம்."

முதலில் சிரித்தவர் இராஜரத்தினம். பிறகு ஹாலே சிரித்தது. சீனாக்காரர்களுக்கு விஷயத்தை இந்தியில் விளக்கியதும் கிழவர் தொடையில் தட்டிக்கொண்டு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

டாக்டர் ஐயா சிரிக்கவில்லை. கோட்டைச் சரிசெய்துகொண்டார். "இவங்கல்லாம் யாரு?" என்றார்.

விஜின் ஏசியைப் பார்த்தான். தேவகனி எழுந்து லின்னின் பக்கத்தில் போய் நின்றாள்.

"இவங்கதான் ஐயா, சீனா," என்றாள். "நாலாம் ஜாமத்தார்னு சொல்லுவாங்க. நான் வாக்குக் கொடுத்துட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்த ஹால்ல ஜெபிக்கலாம்னு."

"நாலாம் ஜாமத்தாரா? துர்ப்போதனைக் கூட்டமில்லையா அது? மூப்பரே, இது உமக்குத் தெரிஞ்சா நடக்குது?"

இதுதான் ஜெபசீலனின் நேரம். ஊமை ஆவி, பாதரட்சை, மூன்று வெப்சைட் என்று சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. முழங்காலிலிருந்து எழுந்தார். கால் மரத்துப்போனதால் கொஞ்சம் தள்ளாடினார், கிழவர் பிடித்துக்கொண்டார்.

"தெரியும் ஐயா," என்றார் ஜெபசீலன். "நான்தான் வரச் சொன்னேன்."

அது முழுப் பொய். தேவகனி அதைத் திருத்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் சொன்ன பொய்களில் அவளுக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

"இதை விசாரிக்கணும்," என்றார் டாக்டர் ஐயா. "கைவைக்கிறதை அடுத்த பயணத்துல பார்க்கலாம்." தன் சப்பாத்தைக் கேட்டார். அது எந்தப் பையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் எல்லோரும் ஒருவருடைய செருப்பை இன்னொருவர் நீட்டி, "இது உமக்கா அண்ணே?" "ஏளா, என் செருப்ப நீயா போட்டிருக்க?" என்று திருவிழாபோல் ஆகிவிட்டது. லின் கொட்டிய காய்கறிக்கு நடுவே கிடந்த ஆரஞ்சை யாரோ உரித்துச் சுற்றுக்கு விட்டார்கள்.

விசிட்டிங் கார்டுகள் பெட்டியோடு அலமாரிமேல் ஏறின. பின்னால் வெள்ளையாக இருந்ததால் தேவகனி அவற்றில் மளிகைச் சாமான் எழுதிக்கொள்வாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹால் லின்னின் கூட்டத்துக்கு என்று நிலைத்தது. விஜின் இன்னும் காகிதம் கொண்டுவருகிறான். இராஜரத்தினம் அதை மடித்து ஆடும் மேசைக் காலுக்கு அடியில் வைக்கிறார். சில வாரங்களில் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட மாலையிலும் கொஞ்சம் பாட்டுக் கேட்க ஆரம்பித்தது. முதலில் ஒரு குரல், தயங்கித் தயங்கி. அது லின்னின் குரல். பிறகு கிழவருடையது, சுருதி சேராது, ஆனால் நல்ல பலமான குரல்.

அப்படி ஒரு மாலை, பாய்களை மடித்து வைக்கும்போது தேவகனி சிவப்புப் படத்தைக் காட்டி, "உங்க ஊரு இதுல எங்க இருக்கு லின்? அதுமேலயே நான் தனியாக் கைவச்சு ஜெபிக்கேன்," என்றாள்.

லின் சங்கடமாகச் சிரித்தாள். கிழவரைப் பார்த்தாள். பாயைக் கீழே வைத்துவிட்டு, தேவகனியின் கையைப் பிடித்து, வெளிறிப்போன ரெக்சினைத் தாண்டிக் கீழே, படத்துக்கு வெளியே, வெறும் சுவரில் ஓரிடத்தில் வைத்தாள்.

"இங்க," என்றாள். "முதல் நாளே சொல்லணும்னு நினைச்சோம். எல்லாரும் அதுமேல நல்லா அழுதிருக்கீங்கன்னு தெரிஞ்சது. அதான் சொல்லலை."

நான்கு ஆண்டுகளாக ஜீவ ஊற்று ஐக்கியம் கைவைத்து அழுதது மங்கோலியாவின் மேல்.